நாலு இஞ்சு எழுத்து

பை தைக்கும் பட்டறையில் அவனுக்குப் பெயர் இஞ்சு. கழுத்தில் டேப் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூடச் சட்டைக் காலருக்குள்ளிருந்து டேப்பின் நுனி எட்டிப் பார்க்கும். பெயர் வைத்தது அவனுடைய அக்கா. பட்டறையும் அக்காவுடையதுதான். ஆறு மெஷின், நாலு தையல்காரர்கள், வருஷம் முழுக்க ஸ்கூல் பை. டிசைன் படித்துவிட்டு வந்த தம்பிக்கு ஸ்கூல் பை போதவில்லை.

இரண்டு வருஷம் மூளையைக் கசக்கி அவன் ஒரு பையை உருவாக்கினான். பகலில் முதுகில் மாட்டிக்கொள்ளலாம். படுக்கும் நேரத்தில் இரண்டு ஜிப்பைத் திறந்து, உள்ளே மடங்கிக் கிடக்கும் வளைகம்பியை விரித்தால், ஓர் ஆள் நீளத்துக்குக் கூடாரமாகிவிடும். அடியில் குளிர் ஏறாத மெத்தை. முகத்துக்கு நேரே கொசுவலை. ஜிப்புக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்காதபடி இரண்டு விரல் அகலத்தில் ஒரு மடிப்பு. வீடில்லாமல் தெருவில் படுப்பவர்களுக்காகச் செய்தது. பட்டறை வாசலில் அத்தானை அதற்குள் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினான். உள்ளே அத்தான் குறட்டை விட்டார். சோதனை வெற்றி என்று இஞ்சு எழுதிக்கொண்டான்.

அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. முதலில் முப்பது பை. மேம்பாலத்துக்கு அடியில் படுப்பவர்களுக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று நாலு மணிக்கு அறக்கட்டளை மேடம் பட்டறைக்கு வருகிறார். சோதனை அறிக்கை திருப்தியாக இருந்தால் அடுத்து முந்நூறு பை.

அறிக்கையில் ஒரே ஒரு முள்.

முப்பது பேரில் பதினொரு பேர் பையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். துவைக்க வசதியாக இருக்கட்டும் என்று வாரை இரண்டு பக்கமும் மாட்டும்படி வைத்தவன் இஞ்சுதான். ஆனால் திருப்பிப் போட்டுவிட்டுப் படுத்தால் மழை மடிப்பு உள்ளே போய்விடும். வெளியே வழிய வேண்டிய தண்ணீர் ஜிப் வழியாக உள்ளே நுழைந்து, அந்த மடிப்பிலேயே வாய்க்கால் மாதிரி ஓடி, படுத்திருப்பவர் நெஞ்சில் சொட்டும். போன வாரம் மூன்று நாள் விடாத மழை. ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் ஓர் அம்மா, நெஞ்சில் சளி கட்டி இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடையதும் திருப்பிப் போட்ட பைதான்.

அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

“‘பையில் குறை ஏதும் இல்லை. பயன்படுத்துவோரின் அலட்சியமே காரணம். திருப்பிப் பயன்படுத்தும் பதினொருவரிடமிருந்தும் பைகளைத் திரும்பப் பெற்று, பொறுப்பானவர்களுக்கு வழங்கலாம்.’ ஏன்டா, பொறுப்பானவங்கன்னா யாரு? உங்க அத்தானா?”

“சிரிக்காதக்கா. குடுக்கும்போதே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். திருப்பாதீங்க, திருப்பாதீங்கன்னு தொண்டத் தண்ணி வத்திப்போச்சு.”

“ஏன் திருப்பினாங்க?”

“அதான் அலட்சியம்னு எழுதியிருக்கேனே.”

“அது நீ சொல்றது. அவங்க என்ன சொன்னாங்க?”

இஞ்சு கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டான். கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு?

அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றார் டிரைவர். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். கண் மங்கி லைசென்ஸ் போனது, அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றதும் போனது. இப்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். முப்பது பையில் ஒன்று அவருடையது. கையில் இன்னொரு பை இருந்தது.

“இது ஆஸ்பத்திரில இருக்கற அம்மாவோடது சார். ஜிப்பு மக்கர் பண்ணுது, சரி பண்ணித் தரச் சொன்னாங்க. அப்புறம்...” டிரைவர் தலையைச் சொறிந்தார். “திருப்பிப் போட்டது தப்புதான், சார்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லச் சொன்னாங்க.”

“பாத்தியாக்கா? அவங்களே ஒத்துக்கறாங்க!”

அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். இஞ்சு பையை நேராகத் திருப்பி, ஜிப்பில் சிக்கியிருந்த நூலை எடுத்து, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு நீட்டினான். டிரைவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“சார், ஒண்ணு கேக்கவா? இந்தப் பைய மாட்டிக்கிட்டு நீங்க எங்கயாச்சும் போயிருக்கீங்களா?”

“நல்லா கேட்டீங்க போங்க! நூறு தடவை மாட்டிப் பாத்திருக்கேன் அண்ணே. வார் எத்தனை இஞ்சுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

“பட்டறைக்குள்ள மாட்டியிருப்பீங்க. நான் தெருவக் கேட்டேன். எனக்கு இப்ப லோடு வந்து நிக்குது. ஆஸ்பத்திரி ஒண்ணரைக் கிலோமீட்டர்தான். நீங்களே குடுத்துட்டு வாங்களேன். இப்படியே முதுகுல மாட்டிக்கிட்டு.”

“போயிட்டு வாடா” என்றாள் அக்கா. “நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. காலுக்கும் நல்லது.”

இஞ்சு பையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

கருநீலப் பை. அதன் முதுகில், வெளிச்சம் பட்டால் பளீரென்று மின்னும் வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டித் தைத்திருந்தது: வீடற்றோர் உறைவிடப் பை. ஒவ்வோர் எழுத்தும் நாலு இஞ்சு. அறக்கட்டளை கேட்டது ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னம் மட்டும்தான். எழுத்து இஞ்சுவின் யோசனை. இருட்டில் வண்டிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னான். போட்டோவில் தெரிய வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதை யாரிடமும் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வந்தபோது எழுத்து நன்றாகவே தெரிந்தது.

முதல் தெருவில் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் ஒரு ரொட்டிக் கடை வரிசையில் நின்றான். ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போக வேண்டாமே. பின்னால் வந்து நின்றவர் ஓரடி தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவள் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்தார்கள். இஞ்சுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன்பக்கம் பார்ப்பவர்களுக்கு அவன் இஸ்திரி போட்ட சட்டைக்காரன். பின்பக்கம் பார்ப்பவர்கள் முதுகைப் படிக்கிறார்கள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். வயதான ஒரு பெண்மணி, தான் வாங்கிய இரண்டு ரொட்டிப் பாக்கெட்டில் ஒன்றை நீட்டினாள்.

“வச்சுக்கப்பா. வெக்கப்படாத.”

ஐயோ, நான் இதைத் தைத்தவன் என்று சொல்ல வாயெடுத்தான். வாயிலிருந்து வந்தது “தேங்க்ஸ்மா” மட்டும். காது மடல் இரண்டும் சுட்டன. வரிசையை விட்டு விலகி வேகவேகமாக நடந்தான். முதுகில் ஒரு கிலோவுக்கும் குறைவான பை. ஒரு மூட்டை சிமெண்ட் மாதிரி கனத்தது.

மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கூட இரண்டு நண்பர்கள். மாமனார் ஓய்வு பெற்ற அதிகாரி. மருமகனைப் பற்றி அளப்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு உத்தியோகம் இல்லை. இன்னும் இஞ்சுவைப் பார்க்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. இஞ்சுவின் கால் தானாக அதற்குள் நுழைந்தது. கை தானாக வாரைக் கழற்றியது. ஜிப்பைத் திறந்து, அடியைப் பிடித்து இழுத்து, உள்ளதை வெளியாக்கி, வாரை மறுபக்கம் மாட்டியது. நாற்பது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்தது. அவ்வளவு வேகமாக அந்தப் பையைத் திருப்ப உலகத்தில் அவன் ஒருவனால்தான் முடியும். எழுத்து உள்ளே போய்விட்டது. வெளியே வெறும் சாம்பல் நிறத் துணி.

“அடடே, மாப்பிள்ளை! வாங்க, வாங்க! நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல, அவருதான்யா இவரு. வீடில்லாதவங்களுக்குன்னே ஒரு பை கண்டுபிடிச்சவரு. பேப்பர்லகூட வந்துச்சே! என்ன மாப்பிள்ளை முதுகுல, அந்தப் பையா?”

“இல்ல மாமா. இது சும்மா... துணி சாம்பிள்.”

“பாத்தீங்களாய்யா, வெயில்ல மூட்டை தூக்கறாரு. அலட்டலே கிடையாது!”

நண்பர்கள் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். இஞ்சு எதையோ சொல்லித் தப்பித்து வந்தான். பத்தடி நடந்த பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. அறிக்கையில் பதினொரு பேர் என்று எழுதியிருக்கிறான். இப்போது பன்னிரண்டு. அந்தப் பதினொரு பேருக்கும் மூன்று மாதம். அவனுக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை.

பையை நேராகத் திருப்பிவிடலாமா என்று யோசித்தான். எதிரே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். திருப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் போர்வையை விலக்கி எழப் பார்த்தார்.

“ஐயையோ, நீங்களே வந்தீங்களா தம்பி? டிரைவர் சொன்னாரா? தப்பு என்மேலதான். நீங்க அத்தனை தடவை சொல்லியும்...”

“உக்காருங்கம்மா. ஏன் திருப்பினீங்க, அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் எங்க படுக்கறேன்னு ஓட்டல் முதலாளிக்குத் தெரியாது தம்பி. அக்கா மக வீட்டுல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா சமையக்கட்டுக்குள்ள விடமாட்டாரு. பைய வாசல் ஆணியிலதான் மாட்டணும், போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான். ராத்திரி மட்டும் நேரா திருப்பிக்கலாம்னு பாத்தேன். இந்தக் கைக்கு ஒரு தடவை திருப்பக் கால் மணி நேரம் ஆகுது. விடிகாலைல வேலைக்கு ஓடணும். சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.” அவர் சிரித்தார். “உள்ள படுத்தா கொசுவலைக்குப் பக்கத்துல அந்த எழுத்துதான். படிச்சுக்கிட்டே தூங்கிடுவேன்.”

சிரிப்பு இருமலாக மாறியது. அடங்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைப் பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை.

“திருப்பிப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க.”

இஞ்சு பையை முதுகிலிருந்து இறக்கினான்.

“வார்டுல நாலு பேரு படிச்சிரக் கூடாதுன்னுதானே? எனக்காகத்தானே? உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு தம்பி.”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இஞ்சுவின் தலை ஆமாம் என்று ஆடியது. ரொட்டிப் பாக்கெட்டை ஸ்டூலில் வைத்தான். அதற்கும் ஒரு நன்றி கிடைத்தது.

பட்டறைக்குத் திரும்பியவன் நேராக அறிக்கையைத்தான் எடுத்தான். நாலு மணிக்கு மேடம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அதில் மூன்று வரிகள் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன.

“இதை ஏன் அடிச்சீங்க? போன வாரம் போன்ல நீங்கதானே அலட்சியம்னு சொன்னீங்க? அந்தப் பதினோரு பையையும் நாளைக்கு வாங்கிட்டு வர ஆள் சொல்லிட்டேனே.”

“வேண்டாம் மேடம். தயவுசெஞ்சு நிறுத்துங்க. தப்பு அவங்க மேல இல்ல, என் மேல.”

இஞ்சு கழுத்து டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான். நாலு இஞ்சு எழுத்து யாருடைய யோசனை, எதற்காக வைத்தது, ஓட்டல் வாசல் ஆணி, எல்லாவற்றையும் சொன்னான். “இன்னிக்கு அதை மாட்டிக்கிட்டு நடந்தேன். மாமனாரைப் பாத்ததும் சந்துக்குள்ள போய்த் திருப்பிட்டேன்” என்றபோது குரல் கீழே இறங்கிவிட்டது. ஆறு மெஷினும் ஓடாமல் நின்றிருந்தன. தையல்காரர்கள் எல்லோரும் குனிந்துகொண்டிருந்தார்கள்.

மேடம் அறிக்கையை மூடினார்.

“பை அவங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா முந்நூறுக்கு நான் இப்ப கையெழுத்துப் போட முடியாது. முதல்ல இந்த முப்பதையும் சரி பண்ணிக் காட்டுங்க.”

அவர் போன பிறகு அக்கா எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று இஞ்சு காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை அவன் கையில் வைத்தாள்.

“அந்த எழுத்துக்குப் புள்ளி வச்சுத் தைக்கவே எனக்கு அரை நாள் ஆச்சு. இப்ப நீயே பிரி. ஊசி போன ஓட்டை எல்லாம் ஒழுகும், உள்பக்கம் ஒட்டு போடு. மின்னற துணிய மழை மடிப்புக்குள்ள வை. விரிச்சாதான் தெரியணும். மாட்டிக்கிட்டா தெரியக் கூடாது.”

“ஆஸ்பத்திரிப் பையிலருந்து ஆரம்பிக்கறேன்க்கா.”

மறுநாள் காலை, பார்வையாளர் நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

“நேத்து நான் உங்களுக்காகத் திருப்பலம்மா. தெரிஞ்சவங்க பாத்துட்டா அசிங்கம்னு எனக்காகத் திருப்பினேன். அந்த ரொட்டியும் நான் வாங்கினதில்ல. என் முதுகைப் படிச்சுட்டு யாரோ குடுத்தது. நீங்க நல்ல மனசுன்னு சொன்னப்ப தலையாட்டிட்டேன்.”

அந்த அம்மா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எழுத்து பிரிந்து தரையில் விழுந்தது. இஞ்சு மூன்றாவது எழுத்தின் நூலை அறுத்துக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அந்த ஜிப்பு இருக்கே... திறந்தா மேம்பாலத்துக்கே கேக்குது. ஒரு தடவை திறந்தா பத்துப் பேர் முழிச்சுத் திட்டறாங்க.”

இஞ்சு நிமிர்ந்தான். மூன்று மாதத்தில் அந்தப் பையைப் பற்றி அவர் தன் வாயால் சொன்ன முதல் குறை.

“அப்புறம், மெத்தை தோள் வரைக்கும்தான் வருது. தலை தரையிலதான் கிடக்குது. உங்க வீட்டுல யாருக்கும் தலை கிடையாதா?”

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினான். கழுத்திலிருந்து டேப்பை இறக்கினான்.

“அப்புறம்?” என்றான்.