ஒன்பது நிமிடக் கறுப்பு

அந்த ரிப்பேர் கடையில் ஒரு கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்தான் கெடு. முதலாளி பட்டனை அழுத்திவிட்டு வாட்சைப் பார்ப்பார். அதற்குள் திரையில் வெளிச்சம் வராவிட்டால் மதர்போர்டு காலி. அவரிடம் அப்பீல் கிடையாது.

கார்ட்டூன் படம் செய்கிற அக்காவின் மெஷினையும் அப்படித்தான் காலையில் மூன்று முறை போட்டு, மூன்று முறை அணைத்து, செத்துவிட்டதாக அறிவித்தார். அக்கா செய்த குற்றம் ஒன்றுதான். இரண்டு ராம், அதாவது மெமரித் தகடு, இருந்த மெஷினில் இன்னும் இரண்டை வாங்கிச் செருகினாள். அதோடு திரை கறுத்துப்போனது.

“போர்டு சாகல சார். நாலு ராமையும் முழு வேகத்துல ஓடச் சொல்றோம், அதால முடியல” என்றாள் அங்கே ரிப்பேர் வேலை பார்க்கும் டிகிரி. தன் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான் என்று தெரிந்த நாளிலிருந்து கடையில் அதுதான் அவள் பெயர்.

சரி பண்ணு, வரவில்லை என்றால் நாளையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைத் தொடாதே, முன்னால் உட்கார்ந்து பில் போடு என்றார் முதலாளி. விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை.

டிகிரி புது ராம் இரண்டையும் கழற்றினாள். பழையதோடு மெஷின் எழுந்தது. மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், ஆறாயிரம் என்றிருந்த ராம் வேகத்தை நாலாயிரத்துக்கு இறக்கினாள். வோல்டேஜை ஒரு சிட்டிகை ஏற்றினாள். சேமித்து அணைத்து, நான்கையும் செருகிப் பட்டனை அழுத்தினாள்.

விசிறி சுழன்றது. திரை கறுப்பு.

அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தெரு தெரிந்தது. போகிறவர்கள் தண்ணீருக்கடியில் போவதுபோல் அசைந்து போனார்கள். பார்த்துக்கொண்டே இருந்த டிகிரி நினைப்பில் மெல்ல உள்ளே இறங்கிவிட்டாள். உள்ளே செம்புக் கோடுகளெல்லாம் சந்துகள். நான்கு ராமும் நான்கு வீடுகள். யாரோ ஒருத்தி கதவு கதவாகத் தட்டி, இந்த நேரத்துக்கு வந்தால் திறப்பீர்களா என்று கேட்கிறாள். பதில் இல்லை. கொஞ்சம் தாமதித்து மறுபடி தட்டுகிறாள். ஒரு கதவு திறக்கிறது, மற்றது மூடிக்கொள்கிறது. அவள் சலிக்காமல் முதல் வீட்டுக்கே திரும்பி வருகிறாள்.

அந்த நடை டிகிரியின் அப்பாவுடையது. இவள் படிப்புக்கான ஒரு சான்றிதழுக்காக அரசு அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக நின்றவர். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பி வரும்வரை நின்றவர். அதைப் பொறுமை என்று எவனாவது புகழ்ந்தால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

“ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா டிகிரி.” முதலாளியின் விரல் பட்டனுக்கு வந்தது.

அவள் உள்ளங்கையால் பட்டனை மூடினாள்.

“கைய எடு.”

“எடுக்க மாட்டேன் சார். புது ராம் போட்டா மெஷின் ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பழகிக்கும், முதல் தடவ பத்து நிமிஷம்கூட ஆகும். அதுக்குள்ள அணைச்சா அது மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். வேகம் ஒரு பக்கம், காலைல மூணு தடவையும் இதுவும் நடந்துச்சு.”

அவர் வாட்சைப் பார்த்தார். அக்காதான், இருக்கட்டும் சார், எப்படியும் செத்ததுதானே, இன்னொரு தடவையா சாகப்போகுது என்றாள்.

நாலு நிமிடம். ஆறு. டிகிரி கையை எடுக்கவில்லை. ஒன்பதாவது நிமிடம், தெருவில் நீந்திப்போன ஒரு சைக்கிளுக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு முளைத்தது. அது சைக்கிளை, தெருவை, எல்லார் முகத்தையும் மெல்ல அழித்துக்கொண்டு பரவியது. நான்கு ராமும் திரையில் வரிசையாகப் பெயர் கொடுத்தன.

“நம்ம கைராசி அப்படி” என்றார் முதலாளி.

“ஆமா சார். நீங்க கைய வைக்கல, அதான் ராசி.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போனார். நெடுநேரம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. எத்தனை வருஷத்துத் தூசியோ, அதோடு தான் காலி என்று ஒதுக்கிய ஐந்தாறு போர்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அவள் மேஜையில் ஒவ்வொன்றாக இறக்கினார்.