கோட்டைத் தாண்டிய தேநீர்

சைக்கால் கெட்டிலைத் தூக்கியதும் பெர்மெத் டீச்சர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். அதுதான் அவள் முறை. பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்யவைக்கக் கூடாது. "ம், ஊத்து, ஊத்து" என்று வாயாலும் விரட்டக் கூடாது. சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன: கிண்ணத்தை எடு, பாலை விடு, தேநீரை விடு, வலது கையால் கொடு. ஒவ்வொரு கிண்ணத்தின் உள்ளேயும் பாதிக்குக் கீழே ஒரு நீலக் கோடு. கோடு வந்ததும் நிறுத்த வேண்டும். வாய் பேசாத, எதையும் மெதுவாகவே பிடித்துக்கொள்ளும் இந்தப் பதினொரு வயதுப் பெண் இதைக் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. எத்தனை தடவை மேசை நனைந்தது, எத்தனை தடவை பெர்மெத்துக்கே வெறுத்துப்போனது என்பதெல்லாம் வேறு கதை.

எதிரே சைக்காலின் அப்பா தோரோபெக்கும் அவனுடைய அக்கா குல்சுனும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையை, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து விடுதியில் இன்றே கொண்டுபோய் விடுவதென்று வந்திருந்தார்கள். முடிவு குல்சுனுடையது, தலையாட்டியது தம்பி. மனைவி இறந்தபிறகு அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். அந்த விடுதிக்குப் போன பிள்ளை எதுவும் வீடு திரும்பிப் பெர்மெத் பார்த்ததில்லை. "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று அவர்களை வகுப்பறையில் உட்காரவைத்தது அதற்காகத்தான். இவளுக்கு என்ன தெரியும் என்று கண்ணால் பார்க்கட்டும்.

"நீங்க நல்லவங்கதான் டீச்சர். ஆனா டீ ஊத்தவா பள்ளிக்கூடம்?" என்றாள் குல்சுன். "இவனுக்கு இன்னொரு கல்யாணம் ஆக வேணாமா? இதைக் கட்டிக்கிட்டு அழுதா எவ வருவா?"

தோரோபெக் நெளிந்தான். "மெதுவாக்கா. அவ காதுல விழுது."

"விழுந்தா? அதுக்கு என்னடா புரியப் போவுது!"

சைக்கால் அப்பாவுக்கு ஊற்றினாள். கோட்டில் நின்றது. டீச்சருக்கு ஊற்றினாள். கோட்டில் நின்றது. பெர்மெத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் அத்தையின் கிண்ணம். கோடு வந்தது, தேநீர் நிற்கவில்லை.

ஐயோ, இந்த நேரத்திலா! பெர்மெத் தொடைக்கடியில் கைகளை இன்னும் அழுத்திக்கொண்டாள். ஒரு சொல் போதும், பிள்ளை நிறுத்திவிடுவாள். ஆனால் சைக்கால் அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலும் சாய்த்தாள். பெர்மெத் வாயை மூடிக்கொண்டாள். தேநீர் விளிம்புவரை ஏறியது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வலது கையால் எடுத்து நீட்டினாள்.

விருந்தாளி இன்னும் இருக்கட்டும் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். இந்த நாரின் மலைச்சீமையில் எந்த வீட்டிலும் அது தெரியும். பெர்மெத் அதை இவளுக்குச் சொல்லித் தரவில்லை, படத்திலும் இல்லை. நாம் சொல்லித் தந்தது மட்டும்தான் இவளுக்குள் போகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பாத்தியா? கோடு போட்டுக் குடுத்தும் அளவு தெரியல" என்றாள் குல்சுன். ஆனால் முகம் சிவந்துவிட்டது. கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தாள். "கார் நிக்குது. அதைக் கூட்டிட்டு வாடா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

தோரோபெக் எழவில்லை. தன் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலிசெய்து, பயந்து பயந்து மகளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். பாலை விட்டாள். தேநீரை விட்டாள். அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டுக்கு வெகு கீழேயே நிறுத்தினாள்.

அதையும் குடித்துவிட்டு, கண்ணைக்கூடத் துடைக்காமல், மறுபடி கிண்ணத்தை நீட்டினான். வெளியே கார் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.