அரைச் சுற்று

எங்கள் கப்பலின் டீசல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒன்றின்மேல் ஒன்று மொட்டைக் கடிதம் போடும். காலையில் கேப்டன் அறைக் கதவடியில் கிடக்கும். டீசலின் கடிதத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். மோட்டாரின் கடிதம் சுத்தமாக இருக்கும், ஆனால் தொட்டால் விரலில் சுள்ளென்று ஏறும். பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இரண்டும் நம்பின.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் கப்பல் அது. நடுக்கடலில் டீசல் ஓடும். ஓடிக்கொண்டே பேட்டரியையும் நிரப்பும். துறைமுகத்துக்குள் புகை கூடாது என்பதால் அங்கே மோட்டார் ஓடும். கப்பலின் விசிறியைச் சுழற்ற இரண்டுக்கும் பொதுவாக ஒரே தண்டு. ஒன்று இன்னொன்றிடம் அதை ஒப்படைக்கும்போது செகண்ட் எஞ்சினியரான நான் நடுவில் நின்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் தண்டில் அரைச் சுற்று குறைவதாக மோட்டார் எழுதியது. தான் முழுசாகத்தான் கொடுத்ததாக டீசல் எழுதியது. கேப்டன் மச்சாது இரண்டையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நடுவில் நின்றவன்மேல்தானே கண் போகும். எனக்கே சந்தேகம் வந்து சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

சீஃப் எஞ்சினியர் பரீட்சை எழுத, அந்தப் பயணம் முடிந்த பிறகும் நான் நாற்பத்தொரு நாள் கடலில் இருந்தாக வேண்டும். நடுவில் இறக்கிவிட்டால் இந்த வருஷப் பரீட்சை போச்சு. அதனால் நானும் உஷாரானேன். டீசல் தும்மினால் குறித்துக்கொண்டேன். மோட்டார் சத்தமே போடாததையும் குறித்துக்கொண்டேன். சத்தம் போடாதவர்களை நான் எப்போதும் ஒரு படி அதிகமாகவே சந்தேகிப்பேன்.

என் அறையைச் சோதித்தார்கள். தலையணை உறையைக்கூட உதறினார்கள். சுற்று எதுவும் அகப்படவில்லை. அதுவும் எனக்கு எதிராகத்தான் போனது. கைதேர்ந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்பி கப்பலைத் துறையில் கயிறு கட்டி நிறுத்திய மறுநாள் காலை ஒரே ஒரு கடிதம் கிடந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை, தொட்டால் சுள்ளென்றது. என்னை இறக்கிவிடாவிட்டால் தண்டைத் தொடுவதில்லை என்று எழுதியிருந்தது.

"ரெண்டும் சேந்து எழுதியிருக்குவே," என்றார் கேப்டன். "இத்தன வருசத்துல ஒத்துமையா செஞ்ச மொத காரியம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"நாப்பத்தொரு நாள்தான் சார் பாக்கி."

"தெரியும்வே. அதான் வெசனமா இருக்கு."

பெட்டியோடு துறைமேடையில் இறங்கி நின்றேன். கப்பல் புறப்பட்டுப் போனது. யார் ஓட்டுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டும் சேர்ந்தே ஓடின. எனக்கு அழுகை முட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், நான் நின்ற மேடையே கரையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது. மணிக்கு ஏழு கடல்மைல் வேகம் இருக்கும். எஞ்சின் ரூம் எந்தப் பக்கம் என்று மேடைக் காவலரைக் கேட்டேன். கிரேனுக்குப் பின்னால் என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்து, நாற்பத்தொன்றில் முதல் நாள் என்று எழுதினேன்.