வாசல் வெளிச்சம்

பத்மாசனி மாமி புடவையை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையில் வரிசையாக எரிந்த டியூப் லைட்டுகளை ஒரு முறை முறைத்தபோதே மஹதிக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தது வாசலுக்குத்தான். பாண்டி பஜாரில் பட்டு எடுக்க வருகிற எந்த மாமியும் கடை விளக்கை நம்பமாட்டாள். உள்ளே மயில் கழுத்தாக மின்னுவது வெளியே போனால் வெறும் பச்சையாகிவிடும். அதனால் மனசுக்குப் பிடித்ததை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் விரித்துப் பார்த்துத் திருப்தியானால்தான் பில். கடைக்காரர்களும் இதற்குப் பழகி, புடவையோடு யாரும் அப்படியே நடையைக் கட்டிவிடாமலிருக்க வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

மஹதியின் அம்மாவுக்கு அந்த வாசல் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. காரணம் புடவை இல்லை. பிள்ளையின் அம்மாவான பத்மாசனி மாமி, மஹதியைப் பகல் வெளிச்சத்தில் இதுவரை பார்த்ததே கிடையாது. வந்ததும் ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே கடைக்குள் நுழைந்தாயிற்று. மாமி அதற்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் வந்த இரண்டு வரன்களும் பட்டப்பகலில் மந்தைவெளி வீட்டுக்கு வந்து, கேசரி சாப்பிட்டு, ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். எழுதவில்லை. தரகர் யோசித்து, "பொண்ணு லைட்டா மாநிறம்னு சொல்லிக்கலாம்" என்றார். மாநிறத்தில் அது என்ன லைட்டான மாநிறம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மாட வீதி ஸ்டூடியோக்காரர் இரண்டு பக்கமும் லைட் வைத்து, அதுவும் பற்றாமல் தலைக்கு மேலே ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, மஹதியின் சாயலில் வேறொரு பெண்ணைப் படமெடுத்துக் கொடுத்தார். இந்த மூன்றாவது வரன் வருவதற்கு முந்தின வாரம் அப்பா கூடத்திலிருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, புதிதாக இரண்டு டியூப் லைட் போட்டார். அம்மா அவற்றுக்கு நேர் கீழே ஜமக்காளத்தை விரித்தாள். விளக்கு வைத்த பிறகு வரச் சொன்னார்கள். கரண்ட் மட்டும் போகக்கூடாது என்று மாதவப் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல்.

"ஏமாத்தறோமேம்மா" என்றாள் மஹதி.

"லைட் போடறது ஏமாத்தறதாடீ? இருட்டுல உக்காத்தி வெச்சாதான் ஏமாத்தறது."

பெருமாளும் அன்று கரண்டைக் காப்பாற்றிக் கொடுத்தார். பத்மாசனி மாமியோடு வந்த பிள்ளை ஸ்ரீநாத் ஒரு வாய் குடித்துவிட்டு, "காபி கொஞ்சம் லைட்" என்றான். பெண் பார்க்க வந்த இடத்தில் காபியைக் குறை சொன்ன பிள்ளையை அம்மா அதற்கு முன் பார்த்ததில்லை. மஹதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனசில் பட்டதை அப்படியே சொல்கிற அந்த வாயை அவளுக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது. முந்தின இரண்டும் கைநழுவியபோது அவள் அழவில்லை. இது போனால் அழுவாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

வாய் வார்த்தையாகத்தான் முடிந்திருந்தது, நிச்சயதார்த்தம் ஆகவில்லை. அதற்கான புடவையைப் பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மாமி சொல்லி அனுப்பியபோது, வெயில் தாழச் சாயங்காலமாகப் போகலாமே என்று அம்மா இழுத்துப் பார்த்தாள். சாயங்காலம் நவமி வந்துவிடுகிறதே என்றாள் மாமி. நவமியை எதிர்த்து என்ன பேச முடியும்? கிளம்பும்போது அம்மா, "பவுடரை லைட்டாப் போட்டுக்கோ, திட்டுத் திட்டாத் தெரியப்போறது" என்று சொல்லிக்கொண்டே தன் கையால் இன்னொரு பூச்சு பூசிவிட்டாள். ஆட்டோவில் வரும்போது மஹதி கைக்குட்டையால் அதை முழுக்கத் துடைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அம்மா பார்த்துவிட்டு, டிரைவர் காதில் விழும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஸ்ரீநாத்துக்கு லைட் கலர்தான் பிடிக்கும்" என்று சொல்லி மாமி எடுத்திருந்தது இளம் சந்தன நிறம். அடியில் அரக்குக் கரை.

"லைட் கலர் அவளுக்கு..." என்று ஆரம்பித்த அம்மா, "சீக்கிரம் அழுக்காயிடுமோன்னு பாக்கறேன்" என்று முடித்தாள்.

"அயுக்கெல்லாம் ஆவாதும்மா" என்றான் விற்பனையாள் தனபாலன். "லைட் வெயிட் வேற. கட்டிக்கினா கட்டினதே தெரியாது. டவுட்டு இருந்தா வெளிய எடுத்துக்கினு போய்ப் பாருங்க."

மாமி எழுந்தாள். "வாம்மா மஹதி. தோள்ல போட்டுக்கோ, வாசல்ல வெச்சுப் பாக்கலாம்."

"நான் போட்டுண்டு வரேனே, மாமி" என்று அம்மா அவசரமாக எழுந்தாள்.

"நன்னாருக்கே! கட்டிக்கப்போறது அவதானே?"

தனபாலன் புடவையின் தலைப்பை மஹதியின் தோளில் நீவிவிட்டு, மீதியைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே வந்தான். வாசலுக்கு மேலே வெயிலுக்காகக் கட்டிய துணியின் நிழலில் வந்து நின்றாள் மஹதி. சந்தன நிறம் இன்னும் கடைக்குள் இருந்த மாதிரியேதான் தெரிந்தது. இங்கேயே நின்றுவிட்டால் போதும், மாமி திருப்தியாகித் திரும்பிவிடுவாள்.

"அங்க நெயல் கீது மேடம். லைட்டா முன்னாடி போங்க" என்றான் தனபாலன்.

மஹதி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கைகளாலும் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். மஹதி படியிறங்கிப் போய் நடைபாதையின் முழு வெயிலில் நின்றாள். அவளை இடித்துக்கொண்டு ஒருவர் காய்கறிப் பையோடு போனார்.

மாமியின் கண் முதலில் புடவையில் விழுந்தது. அங்கிருந்து தோளுக்குப் போனது. தோளிலிருந்து முகத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. பிறகு கரையைத் தொட்டுப் பார்க்கிறவளைப் போல அவளும் படியிறங்கி வெயிலுக்கு வந்தாள்.

அப்போதுதான் மஹதி பார்த்தாள். மாமியின் பவுடர் மோவாயோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே, கழுத்து மஹதியின் நிறத்தில் இருந்தது. அன்றைக்குக் கூடத்து டியூப் லைட் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் எரிந்திருக்கிறது.

மஹதி பார்த்ததை மாமியும் பார்த்துவிட்டாள். தன் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னாம்மா, கலர் ஓகேவா?" என்றான் தனபாலன்.

"வெயில்ல நிக்காதே. உள்ள வா" என்றாள் மாமி. அவள் குரலில் கோபமா, வேறெதாவதா என்று மஹதிக்குப் பிடிபடவில்லை. சொன்னாளே தவிர மாமியும் நகரவில்லை. அரக்குக் கரையை ஒரு பக்கம் அவள் பிடித்திருந்தாள், மறுபக்கம் மஹதி பிடித்திருந்தாள். எது யாருடைய கை என்று வளையலை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.