நீலக்காரனின் கயிறு

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த நீக்கிலாஸும் குணசேகரமும் ஒரே அறையில் இருந்தார்கள். இருவருக்கும் இறைச்சித் தொழிற்சாலையில் தரை கழுவும் வேலை. கூட வேலை செய்த ஒஃபேலியா மெக்சிக்கோக்காரி, டேனிஷ்காரரைக் கட்டியவள். 1988 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மெக்சிக்கோ நகரத்தில் செப்டெம்பர்தோறும் நடக்கும் பெரிய மல்யுத்த ஆண்டு விழாவை அவளுடைய தம்பி மேல் வரிசையிலிருந்து வீடியோப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

நீக்கிலாஸுக்கு மனம் அதில் இல்லை. மறுநாள் தொலைக்காட்சிக்காரர் வருகிறார்கள். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட மனுப் போட்டுவிட்டுப் பதில் இல்லாமல் இருக்கும் தமிழரில் ஒருவர் பேசவேண்டும். அவன் ஒப்புக்கொண்டிருந்தான். முதுகை மட்டும் காட்டுவார்கள், பெயர் வராது. அவன் மனைவி செலீனா மன்னாரில், பேசாலையில் இருந்தாள். தான் புறப்பட்டபின் பிறந்த மகனை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"முகத்தைக் காட்டிப்போடாதை தம்பி," என்று குணசேகரம் ஒஃபேலியா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மறுபடியும் சொன்னார். "இங்க உன்ர மனுவை அடியில தள்ளிப்போடுவாங்கள். அங்க ஆர் வந்து கதவைத் தட்டுவாங்களோ தெரியாது."

"ஓம் அண்ணை. காட்டமாட்டன்."

மெக்சிக்கோ வீடியோக் கசெற்றுக்கு டேனிஷ் தொலைக்காட்சிப் பெட்டியில் நிறம் வரவில்லை. மல்லர் இருவரின் சாம்பல் முகமூடிகள் மேடையில் சுற்றின. ஒஃபேலியா ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இவன் நீலம். என்னுடைய ஆள். இது முகமூடிக்கு முகமூடி. தோற்றவன் கழற்றவேண்டும். பெயரும் ஊரும் சொல்லவேண்டும். பிறகு சாகும்வரை போடமுடியாது."

"எல்லாம் முன்னமே பேசி வச்சு விழுறது," என்றார் குணசேகரம் தமிழில். "பாரன், அடி படேல்லை, அதுக்குள்ள ஐயா விழுந்து கும்பிடுறார்."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் ஒஃபேலியா.

"நல்லாயிருக்காம்," என்றான் நீக்கிலாஸ்.

நீலக்காரன் மேல் கயிற்றில் ஏறினான். அங்கிருந்து மேடைக்கு வெளியே பாய்ந்தான். ஒரு வரிசைக் கதிரைகள் சரிந்தன. நீக்கிலாஸ் தன்னை அறியாமல் எழுந்துவிட்டான். நீலக்காரன் நொண்டியபடி திரும்பி ஏறினான், மறுபடியும் பாய்ந்தான். மூன்றாம் முறை மற்றவன் விலகிக்கொண்டான். பிறகு அவனை மேடைக்கு இழுத்து, மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் அழுத்தினான். முடிந்தது.

வென்றவன் முகமூடியைப் பிடுங்குவான் என்று நீக்கிலாஸ் நினைத்தான். வென்றவன் தள்ளி நின்றான். நீலக்காரன் தானே கைகளைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் முகமூடியைக் கட்டிய கயிற்றைத் தேடினான். முடிச்சு இறுகியிருந்தது. ஒருவரும் உதவவில்லை. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று காத்திருந்தது.

முகமூடி கழன்றது. உள்ளே நெற்றி ஏறிய, சாதாரண முகம். சந்தையில் கண்டால் திரும்பிப் பார்க்கமாட்டோம். அந்த முகம் பெயரைச் சொன்னது. ஊரைச் சொன்னது. தோற்றவனுக்கு அவ்வளவு கைதட்டலை நீக்கிலாஸ் எங்கும் கேட்டதில்லை.

ஒஃபேலியா மூக்கைத் துடைத்தாள்.

"நல்ல நடிப்பு," என்றார் குணசேகரம், திரும்பும் பஸ்ஸில்.

"அடி நடிப்பாயிருக்கும் அண்ணை. முகம்?"

குணசேகரம் இறங்கும் மணியை அழுத்தினார்.

மறுநாள் பின்னேரம் தேவாலய மண்டபத்தில் கதிரையை யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். "முதுகு மட்டும்தான், பயப்படவேண்டாம்," என்றாள் செய்தியாளர். நீக்கிலாஸ் உட்கார்ந்தான். யன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் நனைந்துகொண்டிருந்தன. அவன் எழுந்து கதிரையைக் கமெராப் பக்கம் திருப்பினான்.

"டேய்!" வாசலில் நின்ற குணசேகரம் உள்ளே வந்தார். "விசரே உனக்கு? செலீனாவைக் கேட்டனியே?"

"கேட்டிருந்தா முதலே திருப்பச் சொல்லியிருப்பாள்."

கமெராக்காரர் செய்தியாளரைப் பார்த்தார். அவள் நீக்கிலாஸைப் பார்த்தாள். "நிச்சயமாகவா?"

"ஓம்," என்றான். பிறகு அதை டேனிஷிலும் சொன்னான்.

விளக்கு முகத்தில் விழுந்தது. குணசேகரம் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார்.

"தலையை இழு. நாடு முழுக்கப் பாக்கப்போகுது."

இழுத்தான். சீப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"என் பெயர் நீக்கிலாஸ்," என்று டேனிஷில் தொடங்கினான். "ஊர் பேசாலை. மனைவி செலீனா. மகன் ஜூலியன்."