இரண்டு விரக்கடை மிச்சம்

இப்போதெல்லாம் சனங்களுக்கு ஊடு வாங்கவே தெரிவதில்லை. சுவரில் வைத்துப் பார்க்க ஒரு மிஷின், பிளக்கில் சொருகிப் பார்க்க ஒரு மிஷின், அந்த மிஷினையெல்லாம் தூக்கிக்கொண்டு வரச் சம்பளத்துக்கு ஒரு ஆள். கண்ணும் காதும் எதற்கு இருக்கிறதோ. வெள்ளையன் அந்த வியாழக்கிழமை காலையில் தன் வாசலில் நின்று, கேட்க ஆளிருக்கிறதா என்றுகூடப் பாராமல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தம்பி நல்லானின் ஊடு வழக்கம்போல அவரை விட்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஊடு இருபத்திரண்டு வருசமாய் நகர்கிறது. அனுப்பர்பாளையத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். அண்ணனும் தம்பியும் ஒரே கொத்தனாரை வைத்து, ஒரே சூளைக் கல்லில், நடுவே ஒற்றைச் சுவர் விட்டுக் கட்டினார்கள். குடி புகுந்த புண்ணியார்ச்சனைக்கு வந்த சனம் தம்பி ஊட்டைப் பார்த்துத்தான் "லட்சணமா அமைஞ்சிருக்குதுங்க" என்றது. வெள்ளையன் பாதி இலையில் எழுந்துவிட்டார். மறுநாள் அந்த ஒற்றைச் சுவர் நடுவாக்கில் இரண்டாகப் பிரிந்து, காகிதம் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தது. நல்லான் மாடி எடுத்த வருசம் சந்தில் கை நுழைந்தது. அவன் மகள் கல்யாணத்துக்கு வாசலில் ஏழு கார் நின்ற வருசம் பூனை நுழைந்தது. கரண்டு ஆபீஸ்காரர்கள் இரண்டு தடவை ஒயரை நீட்டிக் கொடுத்தார்கள். வடபுறம் நின்ற முருங்கை, சண்டை எதற்கு என்று தானே ஒதுங்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பியதில்லை. நல்லான் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டு போனான் என்ற சேதி வந்த அன்று மட்டும் ஒரே மூச்சில் ஒரு சாண் தள்ளிப்போனது.

இப்போது ஊடு விலைக்கு வந்துவிட்டது. வாங்க வந்தவர்கள் மூக்கையாவும் அவன் பெண்சாதி ஒச்சாயியும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இருபது வருசம் லைன் ஊட்டில், பத்துக்குப் பத்து அறையில் கிடந்தவர்கள். அவன் பனியன் கம்பெனியில் கட்டிங், அவள் செக்கிங். தம்பி வாழ்ந்தாலாவது தம்பி என்று சொல்லலாம். நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் மாடி ஊட்டில் ஏறுவதா என்று வெள்ளையனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊட்டைச் சோதிக்க வந்தவள் தமிழ்மதி என்கிற இஞ்சினியர் பெண். "நீங்களும் கூடவே வாங்க. காகிதத்துல படிக்கறது வேற, கண்ணுல பாக்கறது வேறங்க. குறையே இல்லாத ஊடு கிடையாது. சரி பண்ண முடியற குறையா, முடியாததான்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதுமுங்க" என்றாள். மொட்டை மாடியில் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். தரைக் கல் ஒவ்வொன்றையும் கம்பியால் தட்டிப் பொக்கு இருக்கிறதா என்று கேட்டாள். செப்டிக் டேங்க் மூடியைக்கூட விடவில்லை. ஒச்சாயி சும்மா வரவில்லை. துணியில் கறையோ ஓட்டையோ கண்டால் கம்பெனியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தரையில் இழுக்கிற கதவில் ஒன்று, கசிகிற குழாயில் ஒன்று, எர்த் வராத பிளக்கில் ஒன்று. மூன்றோடு நின்றுபோனது.

வெள்ளையனுக்கு மூன்று பற்றவில்லை. கூப்பிடாமலே உள்ளே வந்தார். ஒச்சாயி சமையல் மேடையில் வைத்திருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, நல்ல சுவராய்ப் பார்த்துப் பார்த்து ஒட்டினார். தமிழ்மதி ஒவ்வொன்றிலும் மிஷினை வைத்தாள். ஈரமும் இல்லை, விரிசலும் இல்லை.

ஒச்சாயி கிட்டே போய்ப் பார்த்தாள். "பதினெட்டு வருசமா செக்கிங் பாக்குறேன். நான் ஒட்டுனா அம்போட மொனை குறையத் தொட்டுக்கிட்டு நிக்கும். இது அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு கோணிக்கிட்டுப் பாக்குது. ஏய்யா பெரியவரே, எங்க கம்பெனியில எப்பய்யா சேந்தீரு?"

"குறையச் சொன்னாத் தப்புங்களா? ஏமாந்து போயிருவீங்களேன்னு பாத்தேன்" என்றார் வெள்ளையன், முகம் கோணாமல்.

தமிழ்மதி வெளியே போய் டேப்பைப் பிடித்து அளந்தாள். காலையில் வடக்கெல்லைக்குப் பன்னிரண்டு விரக்கடை, அதாவது பன்னிரண்டு விரல் அகலம், மிச்சமிருந்தது. இப்போது ஒன்பது. "பக்கத்து ஊட்டு அப்புச்சி உள்ள வந்ததுல மூணு போச்சுங்க. எல்லை தாண்டி ரோட்டுல ஏறிருச்சுன்னா பேங்குல லோன் தரமாட்டாங்க, பத்திரமும் ஆகாது" என்றாள்.

ஒன்பதுதான் என்று கேட்டதும் வெள்ளையனுக்கு உடம்பில் புதுத் தெம்பு வந்தது. வேண்டுமென்றே ஊட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படிக் கைப்பிடியின் வழவழப்பைத் தடவினார்; இரண்டு போய் ஏழு நின்றது. தன் ஊட்டில் வராத தென்காற்று இங்கே ஜன்னலில் வருவதை நின்று வாங்கிக்கொண்டார், நாலு. புது அடுப்பு எந்த மூலையில் வரும், ஒச்சாயி எங்கே நின்று தோசை சுடுவாள் என்று நினைத்துப் பார்த்தார், இரண்டு.

மூக்கையா சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஐயா, பிள்ளைகளுக்கு வாசல்னு ஒண்ணு இருக்கட்டும்யா" என்றான்.

ஒச்சாயி கெஞ்சவில்லை. வெள்ளையன் மடியிலிருந்த தாளை வெடுக்கென்று உருவி, கடைசியாய் மிஞ்சியிருந்த அம்பைப் பிய்த்து, அவர் நெஞ்சில், சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டி, முனையை நேராக்கிவிட்டாள். "நாலாவது இங்கன இருக்கு. மத்ததெல்லாம் பாஸ்."

ஊடு நின்றது. தமிழ்மதி மறுபடி அளந்தாள், இரண்டேதான். ரிப்போர்ட்டில் எழுதினாள்: 'குறை நான்கு: பக்கத்து ஊட்டுப் பெரியவர். சரி செய்ய முடியாது. தெரிந்து வாங்கலாம்.' மூக்கையா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். ஆவணியில் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். அந்த இரண்டு விரக்கடையில் ஒச்சாயி டிசம்பர் பூச்செடி வரிசையாய் வைத்தாள்.

வெள்ளையன் மட்டும் நம்பவில்லை. "பசைத் தாளுக்கு ஊடு நிக்குமாக்கும்? அடியில பாறை தட்டியிருக்கும், அதான் நின்னுருச்சு" என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டு, முன்பு சுவராக இருந்த சந்தின் வழியாக, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். அம்பைப் பிய்த்தெறியக் கை நெஞ்சு வரைக்கும் போனது. பிய்க்கவில்லை.