கொண்டா, கொன்னா

அந்த வீட்டில் யாரும் "கொண்டு வா" என்று சொல்ல மாட்டார்கள். "எடுத்துட்டு வா"தான். அம்மாவுக்கு அந்தச் சொல் ஆகாது. யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவள் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். ஏன் என்று அக்காக்காரிக்குப் புரிந்தது அந்த நாவலைப் படித்த பிறகுதான்.

ஊரே படித்த நாவல் அது. மதகுக் காவலாளி ஒருவர் ஆலை மேஸ்திரியை அடித்து வாய்க்காலில் தள்ளிய கதை. கதை என்ன கதை, நடந்ததுதான். காவலாளி அம்மாவின் அப்பா. அவரைத் தூக்கில் போட்டார்கள். சாட்சி சொன்னது அவருடைய சின்ன மகள், அதாவது அம்மா. நாவலில் அவள் விடிகாலையில் பாலத்தின் மேல் நிற்கிறாள். கீழே கரையிலிருந்து அப்பா கத்துகிறார்: "அவனைக் கொன்னு போட்டேன்." அப்பாவின் வக்கீல் விடுவாரா? "கொன்னு" இல்லை, "கொண்டு போட்டேன்" என்றுதான் சொன்னார், குடித்துக் கிடந்தவனைத் தூக்கி வந்து கரையில் போட்டார், அவன் தானாக உருண்டு விழுந்தான் என்று தொண்டை கிழிய வாதாடுகிறார். எடுபடவில்லை.

அக்காக்காரிக்கு வேலை காது பரிசோதனை நிலையத்தில். நாள் முழுக்க ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, "கல்லா, கள்ளா?" என்று உயிரை வாங்குகிறவள். தண்ணீர் இரைச்சலில் கொண்டும் கொன்னும் ஒன்றுதான் என்று நாவலை மூடியதுமே அவளுக்குப் பட்டுவிட்டது. அதற்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. லீவு போட்டு, தம்பிக்காரனையும் இழுத்துக்கொண்டு அது நடந்த ஊரில் வந்து இறங்கிவிட்டாள்.

புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஆலை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துமிடம். நாவலில் அதைத் தாண்டி ஒரு கும்மிருட்டான தோப்பு வரும். நேரில் வந்தது ஒரு டயர் கடையும் முள்வேலியும்.

"தோப்பெல்லாம் எப்பவும் இருந்ததில்லைங்க" என்றார் டயர் கடைக்காரர்.

"புஸ்தகக்காரன் நல்லா அளந்து விட்டிருக்கான்" என்றான் தம்பி. "உனக்கு என்னதான்க்கா வேணும்?"

"தாத்தா கொலைகாரர் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லணும்."

"சொன்னா? ஒண்ணும் பண்ணாத அப்பாவைத் தூக்குல ஏத்தினவ அம்மான்னு ஆயிடும். நல்ல பரிசு போ."

அவளுக்குச் சுருக்கென்றது. அதை அவள் யோசிக்கவே இல்லை. ஆனாலும் கால் நின்றால்தானே!

பாலம் வந்தது. மதகு திறந்திருந்தது. தண்ணீர் காது அடைக்கக் கொட்டியது. தம்பியைக் கரைக்கு இறங்கச் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணைக் கத்து. எதுன்னு சொல்லாதே."

அவன் தலையில் அடித்துக்கொண்டே இறங்கினான். வாயைக் குவித்துக் கத்தினான். கொன்னு. மறுபடி கத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். கொன்னுதான், சந்தேகமே இல்லை.

மூச்சு வாங்க மேலே வந்தவன், "ரெண்டு தடவையும் கொண்டுன்னுதான் கத்தினேன்" என்றான்.

அவளுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. தம்பி தடுப்பதற்குள் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டாள்.

"அம்மா, பாலத்து மேல நின்னா யாருக்கும் சரியாக் கேக்காதும்மா. உன் மேல தப்பே இல்ல."

"எந்தப் பாலம்?"

"நீ நின்னியே, அந்தப் பாலம்."

"நான் எங்கடி பாலத்துல நின்னேன்? அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையோரமா நடந்தார். செருப்பு நனைஞ்சிரும், கழட்டிக்கோன்னார். அப்புறம்தான் சொன்னார்."

"புஸ்தகத்துல..."

"புஸ்தகத்தைத்தானே எல்லாரும் கேட்டீங்க. என்னை யார் கேட்டா?"

தம்பி போனில் காதை ஒட்டிக்கொண்டான். "என்னம்மா சொன்னார்?" என்றாள் அக்காக்காரி.

"கொன்னுதான். பக்கத்துல நின்னு சொன்னது கேக்காம போகுமா?"

"அப்ப ஏன்மா கொண்டுங்கற சொல்லைக் கேட்டாலே உனக்கு..."

அம்மா சொன்னாள்: "கோர்ட்டுக்குப் போற வரைக்கும் வீட்ல எல்லாரும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கொண்டுன்னு சொல்லு கண்ணு, அப்பா வீட்டுக்கு வந்துடுவார்னு. நல்லாத்தான் படிச்சு வெச்சிருந்தேன். கூண்டுல ஏறினா, எதிர்ல மேஸ்திரி பொண்ணு உட்கார்ந்திருந்தா. என் வயசுதான். என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா."

அக்காக்காரி கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"அந்தச் சொல்லு வரலைடி" என்றாள் அம்மா. "இன்னும் வர மாட்டேங்குது."